கடல் தெரிகிற பக்கம்

மூக்காண்டி குருவிகுளம் யூனியன் ஆபீஸில் இருபத்தாறு வருஷம் கிளார்க்காக இருந்தார். அங்கே என்ன வேலை பார்த்தார் என்று சங்கரன்கோவிலில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் பஸ்ஸில் இடம் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பது ஊருக்கே தெரியும். வண்டி பஸ் ஸ்டாண்டுக்குள் வந்து நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு உள்ளே போய்விடும். துண்டு விழுந்த இடம் மூக்காண்டியின் இடம். அதற்கப்புறம் அங்கே வெயில் அடித்தாலும் சரி, மழை ஒழுகினாலும் சரி, மனுஷன் எழுந்திருக்கமாட்டார்.

இப்பேர்ப்பட்டவரை நம்பித்தான் அவர் மனைவி முப்பிடாதியம்மாள் கடல் பார்க்கக் கிளம்பினாள்.

மகன் மாரிக்கண்ணனுக்குச் சென்னையில், வேளச்சேரியில் வீடு. இருவரும் வந்து பத்து நாளாயிற்று, அன்று ராத்திரி ஊருக்கு ரயில். இந்தப் பத்து நாளில் முப்பிடாதியம்மாள் மகனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பறக்கும் ரயிலில் ஒரு தடவை உட்கார்ந்து கடல் பார்க்க வேண்டும்.

“திருச்செந்தூர்ல பாக்காத கடலாம்மா?” என்று சிரித்தான் மாரிக்கண்ணன்.

“அது வேற. எனக்கு ரயில்ல உக்காந்து பாக்கணும்” என்றாள் அவள்.

ஆபீஸுக்குப் போகிற அவசரத்தில் அவன் அப்பாவுக்கு வழி சொன்னான். “பீச் ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு, அதே வண்டில திரும்பி வந்துருங்கப்பா. லைட்ஹவுஸ்லருந்து சேப்பாக்கம் வரைக்கும் கட்டடத்துக்கு நடுவுல நடுவுல கடல் தெரியும். ஏறுனதும் வலது பக்கமா உக்காருங்க.”

வேளச்சேரியில் ரயில் வந்து நின்றதுதான் தாமதம், மூக்காண்டி கம்பி இடுக்கு வழியாகத் துண்டை உள்ளே எறிந்தார். இறங்குவதற்காக எழுந்த ஒரு பெண்ணின் தலையில் பாதி விழுந்து, மீதி ஜன்னலோர இருக்கையில் விழுந்தது. அந்தப் பெண் முறைத்தாள். மூக்காண்டி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, தண்ணீரும் பலகாரமும் வைத்திருந்த இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்.

வண்டி கிளம்பிய பிறகுதான் முப்பிடாதியம்மாள் மெதுவாகச் சொன்னாள். “ஏங்க, நாம எடது பக்கம்லா இருக்கோம்.”

மூக்காண்டி எதிர்ப்பக்கம் பார்த்தார். அங்கே எல்லா இடமும் நிறைந்துவிட்டது. தவறு நடந்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிற ஆள் அவர் இல்லை.

“இப்ப எடது பக்கம். வாரையில வண்டி திரும்பும்லா? அப்ப கடல் தானா நம்ம பக்கம் வந்துரும். குருவிகுளம் பஸ்ல நான் பாக்காததா?”

லைட்ஹவுஸ் வந்தது, திருவல்லிக்கேணி வந்தது. எதிர்ப்பக்கத்து ஜனங்கள் கடலுக்கு நேராக உட்கார்ந்துகொண்டு செல்போனைப் பார்த்தார்கள். இவர்கள் பக்கத்தில் மாடிகளும் தண்ணீர்த் தொட்டிகளும் காயப்போட்ட லுங்கிகளும் வந்தன. சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மைதானத்தின் பின்பக்கம் வந்தது.

பீச் ஸ்டேஷனில் பெட்டி மொத்தமும் காலியாயிற்று. மூக்காண்டி மட்டும் இடத்தை விடவில்லை. வண்டி திரும்புவதற்காகக் காத்திருந்தார். அது திரும்புகிற வண்டி இல்லை. டிரைவர்தான் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து போனார். போகும்போது இவர்களுடைய ஜன்னலுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டும் போனார்.

வண்டி அப்படியே பின்பக்கமாக நகர்ந்தது.

“எதுத்தாப்ல அம்புட்டு எடமும் சும்மா கெடக்கு. அங்கன போயிருவமா?” என்றாள் முப்பிடாதியம்மாள்.

“ஏட்டி, விவரம் கெட்டவளா இருக்கியே. இனிமே அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியாதுன்னுதான எல்லாவனும் எறங்கிப் போயிட்டான்? செத்த பொறு. இந்தா வந்துரும்.”

வந்தது. அதே மைதானத்தின் அதே பின்பக்கம்.

மூக்காண்டி கழுத்தை நீட்டி முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். கடல் எங்கே போய்த் தொலைந்தது என்று யாரிடமாவது கோபப்படலாம் என்றால், பெட்டியில் ஆளே இல்லை.

முப்பிடாதியம்மாள் எழுந்தாள். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷத்தில், அவர் பிடித்துக் கொடுத்த இடத்திலிருந்து அவள் எழுந்தது அதுதான் முதல் தடவை. நேராக எதிர்ப்பக்கத்து ஜன்னலுக்குப் போய் உட்கார்ந்தாள்.

“ஏட்டி, எடம் போயிரும்.”

“போவட்டும்.”

“பை ரெண்டும் இங்கன இருக்கு.”

அவள் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை.

“திருச்செந்தூருக்குப் பதினாறு தடவ போயிருக்கோம். நீங்க எல்லாரும் கடல்ல குளிக்கப் போயிருவீங்க. நான் துணிமணிக்கும் செருப்புக்கும் காவலா நிப்பேன், எவனும் தூக்கிட்டுப் போயிறக் கூடாதுன்னு. கடலுக்குப் போய் நான் செருப்பத்தான் பாத்துருக்கேன். இன்னைக்கி ஒரு நாள் நீங்க பையப் பாத்துக்கிடுங்க.”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கடல் ஒரு கீற்று நீலமாக வந்து, மறைந்து, மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவை வரும்போதும் அவள் கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

மூக்காண்டி இரண்டு பையையும் மடியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். பதினாறு தடவையும் ஈரத்தோடு கரையேறி, “துண்டு எங்கட்டி?” என்று கேட்டது மட்டும்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. அவமானமாக இருந்தது. எழுந்து போகவேண்டும் என்றும் இருந்தது, ஆனால் அவளோடு இப்போது பேச்சுக் கொடுக்கப் பயமாகவும் இருந்தது.

மயிலாப்பூர் வந்து, கட்டடங்கள் மொத்தமாக மறைத்த பிறகுதான் அவள் தலையைத் திருப்பினாள்.

“பாத்துட்டியா?” என்று அங்கிருந்தே கேட்டார்.

“பாத்துட்டேன்.”

“எப்படி இருக்கு?”

அவள் யோசித்தாள்.

“நெறைய இருக்குங்க. நான் கொஞ்சந்தான் பாத்தேன். உங்களுக்கு அப்படியே மிச்சம் கெடக்கு.”

மூக்காண்டி எழுந்து போய் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். இனி வேளச்சேரி வரை கடல் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் அந்த ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார்.