கூலி கேட்காத கிருமி

பொழுது வெளுக்கும் முன்பே பெண்கள் வயலில் இறங்கியிருந்தார்கள். மக்காச்சோளம் நெஞ்சுயரம் வளர்ந்துவிட்டால் அதன் தோகை ஒவ்வொன்றும் அரம். உள்ளே குனிந்து போகிறவர்களின் கையை மணிக்கட்டுவரை கீறிவிடும். கீறிய இடத்தில் வேர்வையோடு யூரியா இறங்கினால் உயிர் போகும். நெட்டை என்று மற்றவர்கள் கூப்பிடுகிறவளுக்கு எரிச்சல் பழகிவிட்டது, இடுப்புத்தான் பழகவில்லை. அவள் உயரத்துக்கு மற்றவர்களைவிட அதிகம் வளைய வேண்டும். இடுப்பில் கட்டிய வாளியிலிருந்து ஒரு பிடி அள்ளி, தண்டுக்கு ஒரு சாண் தள்ளி வைத்து, காலால் மண்ணை மூடுவாள். பிறகு அடுத்த செடி.

எத்தனை மூட்டை யூரியா வயலில் இறங்கியதோ அந்தக் கணக்குக்குத்தான் கூலி. இந்தப் பருவம் அதில் மண் விழுந்தது. உரம் விலை ஏறியதும் முதலாளி நுண்ணுயிர் உரத்தைக் கேன் கேனாக வாங்கிவந்து விதையில் கலக்கச் சொன்னார். அந்தக் கிருமிகள் வேரோடு ஒட்டிக்கொண்டு காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்குமாம். யூரியா பாதி போதுமாம். மூட்டை பாதியானது, கூலியும் பாதியானது. நடக்கிற வயல் மட்டும் குறையவில்லை.

"கண்ணுக்குத் தெரியாத ஆளுங்களை வேலைக்கு வெச்சிருக்காரு அண்ணி. அதுங்க கூலியும் கேக்காது, தண்ணி குடிக்கவும் ஒதுங்காது" என்றாள் நெட்டையின் நாத்தனார். எல்லோரும் சிரித்தார்கள். சொன்னவள் சிரிக்கவில்லை. மூட்டை சுமந்து புருஷனின் முதுகு போனதிலிருந்து அவள் வீட்டில் உலை கொதிப்பது இந்தக் கூலியில்தான்.

வெயில் ஏறியதும் முதலாளி வந்தார். அடித்தோகைகள் நுனியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டிருந்தன. ஒன்றைக் கிழித்து நெட்டையின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நான் குடுத்த யூரியா எங்கம்மா போச்சு?"

"குடுத்ததைப் போட்டோங்க. பத்தல."

"பக்கத்துப் பண்ணையிலயும் இதே மருந்து, இதே அளவு. பயிர் கருகருன்னு நிக்குது. இங்க யாரு வீட்டுக்கு மூட்டை போச்சோ!"

டிராக்டரிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த டிரைவர் நிமிர்ந்தார். முதலாளியின் நிழல் என்று பெண்கள் கேலி செய்யும் ஆள் அவர்.

"யாரும் திருடலைங்க. கேனைக் குளிர்ச்சியா வைக்கணும்னு கொண்டுவந்தவன் சொன்னான். நீங்க தகர ஷெட்டுல இறக்கச் சொன்னீங்க. விதைக்கறப்போ தூக்கினா கையைச் சுட்டுது. உள்ள இருந்ததெல்லாம் செத்திருக்கும்."

"உன்னை யாரு கேட்டா? உரக்கடைக்காரன் கடனுக்கு என் கழுத்தைப் பிடிக்கிறான், தெரியுமா?"

"அதுக்கு நீங்க எங்க கழுத்தைப் பிடிக்கறதா?" என்றாள் நெட்டை. தன் குரல்தானா அது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

முதலாளி வானத்தைப் பார்த்தார். மேற்கே கருத்துக்கொண்டிருந்தது. மழை பெய்து வயல் சேறானால் யாரும் கால் வைக்க முடியாது. கதிர் பிடிக்கிற நேரம் தப்பிவிடும்.

"கூட மூட்டை இறக்கறேன். மழைக்கு முன்ன போட்டு முடிங்க. கூலியில பாதி நஷ்டத்துக்குப் பிடிச்சுக்குவேன்." பிறகு நாத்தனாரிடம் திரும்பிக் குரலைத் தணித்தார். "நீ ஆரம்பிம்மா. உனக்கு முழுசா தர்றேன். நாளைக்கும் வேலை இருக்கு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கை வாளிக்குள்ளேயே கிடந்தது. போய்விடுவாள், போனாலும் குற்றம் சொல்லக் கூடாது என்று நெட்டை மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

நாத்தனார் வாளியை அவிழ்த்து வரப்பில் வைத்தாள்.

"எனக்கு மட்டும் வேணாங்க. மூட்டைக் கணக்கே வேணாம். நடக்கற வயலுக்குக் கூலி பேசுங்க, எல்லாருக்கும்."

ஒவ்வொரு வாளியாக வரப்புக்கு வந்தது; பெண்கள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். முதலாளி ஆத்திரத்தோடு பக்கத்துப் பண்ணைக்குப் போன் போட்டு ஆள் அனுப்பச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து பெண்கள் வாளியோடு வரப்பில் வரிசையாக வந்தார்கள். முன்னால் வந்தவள் நின்று, கீழே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள்.

"எங்களுக்கும் மூட்டைக் கணக்குத்தான். என்ன கேட்டிருக்கீங்க?"

முதல் தூறல் தோகைகளில் சடசடத்தது. "எழுந்திருங்கம்மா, இறங்குங்க வயல்ல!" என்று முதலாளி கத்தினார். யாரும் எழவில்லை. நாத்தனார் நகர்ந்து உட்கார்ந்து, வந்தவளுக்கு இடம் விட்டாள்.