சீல் வைத்த பர்தா

தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இறுக்கமாக இருந்தால் டம்மென்று சொல்லும், இல்லாவிட்டால் தொப்பென்று கிடக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், கை இருந்தால் போதும். டெல்லி பிஜ்வாசன் குடோன் வாசலில் டிரைவர் சேட்டு தன் ட்ரெய்லரின் இடது பக்கத்தை மூன்று இடத்தில் தட்டினான். மூன்றும் தொப்.

அவன் ஓட்டுவது பக்கத்தில் தகடு இல்லாத வண்டி. தகட்டுக்குப் பதிலாக மேலிருந்து கீழ்வரை தடித்த ரெக்ஸின் திரை தொங்கும். டெல்லியில் அதைப் பர்தா என்பார்கள். அடியில் வரிசையாக இருக்கும் பெல்ட்டுகளை இழுத்து மாட்டினால்தான் பர்தா நிற்கும். அன்றைக்கு வாஷிங் மெஷின் பெட்டிகளை ஏற்றிய புண்ணியவான்கள் கடைசி வரிசையைப் பர்தாமேலேயே சாய்த்து வைத்திருந்தார்கள். பெட்டி முட்டுகிறவரைக்கும் பர்தா விறைப்பாகத்தான் தெரியும். ரோட்டில் நாலு குலுக்கு குலுக்கிப் பெட்டி உள்ளே நகர்ந்தால் தொளதொளவென்று ஆகிவிடும்.

இதை மேனேஜர் தட்சிணாமூர்த்தியிடம் சொன்னான். அவர் பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, விறைப்பாகத்தானே இருக்கிறது, ஜல்தி கிளம்பு என்று சீல் போடச் சொன்னார். சீல் கம்பி எல்லாப் பெல்ட்டு கொக்கிகளுக்குள்ளும் நுழைந்து போகும். ஒரு பெல்ட்டை இழுக்க வேண்டுமானாலும் சீலை அறுத்தாக வேண்டும். சீலை அறுத்தவன் திருடன், அது அந்தக் கம்பெனியின் சட்டம். தளர்ந்தால் டிரைவர் என்ன செய்வான் என்று சட்டம் போட்ட மகாராசன் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

சேட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தான். இந்த வேலை தட்சிணாமூர்த்தி போட்டுக் கொடுத்தது. சேட்டு பெண்டாட்டி கோமளா துவாரகாவில் அவர் வீட்டில்தான் பாத்திரம் தேய்க்கிறாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் இரண்டு பேர் பிழைப்பும் போகும். கோமளா அந்த வீட்டுக் கதையெல்லாம் சொல்லுவாள். சார் பிறந்து வளர்ந்ததெல்லாம் டெல்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ், தமிழ் தண்ணிபட்ட பாடாகப் பேசுவார், ஆனால் கல்யாணப் பத்திரிகை வந்தால் அவர் சம்சாரம் ராஜலக்ஷ்மி அம்மாதான் படித்துச் சொல்ல வேண்டுமாம். நமக்கென்ன போச்சு என்று சேட்டு அப்போது கேட்டுவிட்டுத் தூங்கிவிட்டான்.

சரக்கு இறக்க வேண்டிய அலிப்பூருக்குப் போகும் வழியில் அரை மணி நேரத்தில் அவன் பயந்தது நடந்தது. கண்ணாடியில் பார்த்தால் இடது பர்தா கல்யாணப் பந்தல் துணி மாதிரி உப்பி உப்பி அடங்குகிறது. பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள், நடுவில் குழந்தை, பின்னால் அம்மா. உப்பிய துணி அந்த அம்மாவின் தோளுக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. மேற்கே வானம் செம்மண் நிறமாகிக்கொண்டிருந்தது. மே மாதத்து ஆந்தி, புழுதிக்காற்று. அது அடித்தால் பர்தா பிய்த்துக்கொண்டு யார் தலையில் விழும் என்று யார் கண்டார்?

ஓரம் கட்டிப் போன் போட்டான்.

"சார், பர்தா தளந்துடுச்சி. ஆந்தி வேற வருது. சீல அறுத்துட்டு இறுக்கிக் கட்டிடறேன் சார்."

"சீல்ல கைய வெச்சே, திருட்டு கேஸ்தான். பேசாம ஓட்டு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சேட்டுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு ஓட்டு என்கிறாரே, அந்தக் குழந்தை விழுந்தால் இவரா ஜெயிலுக்குப் போவார்? ஸ்டியரிங் பிடித்தவன்தான் போவான். போகிற வேலை போகட்டும் என்று கட்டிங் பிளேயரை எடுத்துச் சீலை அறுத்தான். இன்னும் சாய்ந்திருந்த பெட்டிகளைத் தோள் கொடுத்து உள்ளே தள்ளினான். இருபத்திரண்டு பெல்ட்டையும் ஒவ்வொன்றாக இழுத்து மாட்டினான். கடைசிக் கொக்கி விழுவதற்கும் காற்று வருவதற்கும் சரியாக இருந்தது. எதிரே ஒரு கடையின் தகரக் கூரை பறந்து நடு ரோட்டில் விழுந்தது. பர்தா அசையவில்லை.

அலிப்பூரில் பெட்டிகள் ஒன்று குறையாமல், ஒரு கீறல் இல்லாமல் இறங்கின. அதை யார் பார்த்தார்கள்? சீல் இல்லை என்று குடோன் வாசல் கேட்காரன் போன் பண்ண, தட்சிணாமூர்த்தி காரில் பறந்து வந்தார். பெட்டியைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. காகிதமும் பேனாவும் நீட்டினார். சென்னை ஹெட் ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும், உனக்குத் தெரிந்த தமிழிலேயே எழுது, சீலை நானே அறுத்தேன், தப்பு என்னுடையது என்று எழுது என்றார். நாளையிலிருந்து கோமளாவும் வர வேண்டாம் என்றார்.

பாத்திரம் தேய்க்கிறவள் எந்தச் சீலை அறுத்தாள்? சேட்டு காகிதத்தைப் பர்தாமேல் வைத்து அழுத்தி எழுதினான்.

'பெட்டி பர்தாவில் சாய்ந்திருக்கிறது என்று குடோனிலேயே சொன்னேன். மேனேஜர் கேட்காமல் சீல் வைத்தார். வழியில் தளர்ந்தது. போன் செய்தேன். அப்படியே ஓட்டு என்றார். ஜனங்கள் மேல் விழக்கூடாது என்று நான்தான் அறுத்துக் கட்டினேன். தப்பு என்னுடையது இல்லை.'

கிழித்து மூஞ்சியில் எறிவார் என்றுதான் நினைத்தான். அவரோ காகிதத்தை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்து, "ம், அச்சா" என்றார். அப்போதுதான் சேட்டுக்குக் கோமளா சொன்னது ஞாபகம் வந்தது. அவருக்கு ஒரு எழுத்தும் ஏறவில்லை. இருந்தாலும் ஏமாற்றினான் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது.

"நல்லா படிச்சிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்."

கேட்காரனும் கூலிக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்சிணாமூர்த்தியின் முகம் சிவந்தது.

"எனக்குத் தமிழ் தெரியாதுன்னு நெனச்சியா? படிச்சாச்சு. எல்லாம் கரெக்டாத்தான் எழுதியிருக்கே."

அடியில், விசாரித்தேன், அனைத்தும் உண்மை என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்.

காலி வண்டிக்கும் பர்தா இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும். சேட்டு பதினாலாவது பெல்ட்டை இழுத்துக்கொண்டிருந்தபோது சென்னையிலிருந்து போன் வந்தது. எஸ் சார் என்று எடுத்தவர், அப்படியா சார் எழுதியிருக்கான் என்று கேட்டார். சேட்டு மிச்சம் எட்டையும் மாட்டிவிட்டு ஒரு தட்டு தட்டினான். டம்மென்றது.