குடித்தது கண்ணாடிதான்

காலை எட்டரை மணி. உலகின் தென்கோடியில் கிடக்கும் ரியோ கிராந்தேயில் ஜூலைதான் நடுக்குளிர்காலம்; காலை எட்டரை என்றால் இன்னும் கும்மிருட்டு. தெல்மிராவின் பழைய காரின் முன்கண்ணாடியில் பனி விரல் தடிமனுக்கு உறைந்து கிடந்தது. பத்து மணிக்கு அவளுக்கு ஓட்டுநர் தேர்வு. நாலாவது தடவை. முதல் மூன்றிலும் பின்னால் எடுத்து நிறுத்தும்போது பனிக்குவியலில் இடித்துத் தோற்றிருந்தாள். இன்று தோற்றாலோ, நேரத்துக்குப் போகாவிட்டாலோ, இனி அடுத்த வருஷம்தான்.

அப்படியானால் இன்னொரு வருஷம் புருஷன் ஃபெர்மினை நம்பிக் கிடக்க வேண்டும். கடைக்குப் போகவும் அவன் வேண்டும், அடுத்த ஊரான தோல்வினில் இருக்கும் அக்காவைப் பார்க்கவும் அவன் வேண்டும். மாட்டேன் என்று சொல்ல மாட்டான். ஆனால் போய்ச் சேர்வதற்குள் பெட்ரோல் விலைக்கும் தன் இடுப்பு வலிக்குமாக அவன் விடும் பெருமூச்சில் ஒரு பாய்மரக் கப்பலையே ஓட்டிவிடலாம். பதினோரு வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு வெறுத்துப் போயிருந்தது.

அதனால் இந்த முறை பனிக்கு மருந்து தானே தயாரித்து வைத்திருந்தாள். இரண்டு பங்கு சாராயம், ஒரு பங்கு தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு நாலு சொட்டு. தெளித்தால் பனி இளகி வழியும். சாராயத்துக்குக் கடைக்குப் போகவும் வேண்டியிருக்கவில்லை. கோடை முடிவில் முள் கிழிக்க ஊதா நிறக் கலஃபாத்தே பழம் பறித்து, சுத்தச் சாராயத்தில் ஊறப்போடாத வீடு அந்த ஊரில் கிடையாது. இந்த வருஷம் பழமே காய்க்கவில்லை என்று ஃபெர்மின் வெறுங்கையோடு திரும்பியதால், வாங்கிய புட்டி அலமாரியில் அப்படியே நின்றது.

தெளித்தாள். பனி இளகவில்லை. தெளித்தது கண்ணெதிரே உறைந்து, பழைய பனிமேல் பளபளவென்று புதுப் பூச்சாகப் படிந்தது. மறுபடி தெளித்தாள். மறுபடியும் பூச்சு.

மாத்தே தேநீருக்கான வெந்நீர் ஃபிளாஸ்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஃபெர்மின் வந்தான். குளியலறைக்குத் தவிர வேறெங்கும் அது இல்லாமல் அவன் போனதில்லை.

"நகரு நகரு, வெந்நீர ஊத்துறேன். ஒரே நிமிஷம்."

"போன வருஷம் நீ ஊத்தித்தானே கண்ணாடி குறுக்கால பொளந்துச்சு? கிட்ட வந்தே, உன் தலையிலதான் ஊத்துவேன்."

அவள் சாராயப் புட்டியை எடுத்து வந்து மோந்து பார்த்தாள். வாசனையே இல்லை. ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். பச்சைத் தண்ணீர்.

"யோவ், இந்தச் சாராயம் ஏன்யா தண்ணியா இருக்கு?"

"குளிர்ல வீரியம் கொறையும்மா."

"பொய் சொன்னா உன் வீரியம் கொறையும். எங்கய்யா என் சாராயம்?"

ஃபெர்மினின் கண் மட்டும் ஷெட்டுப் பக்கம் போய் வந்தது. அங்கே பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால், போர்வை போர்த்தி ஒரு பெரிய ஜாடி. அந்த வருஷம் காய்க்காத பழமெல்லாம் அதற்குள் இருந்தது.

"உன் பொறந்த நாளுக்குத் திடீர்னு நீட்டலாம்னு..."

"என் பொறந்த நாள் போன மே மாசமே போயாச்சு. சக்கரை போட்டுட்டியா?"

"இல்ல, அது கடைசியிலதான்."

"நல்லதாப் போச்சு. வடிகட்டு."

"தெல்மி, நாலு மாசமா ஊறுதும்மா!"

"நான் பதினோரு வருஷமா ஊறுறேன். வடிகட்டு!"

வடிகட்டினான். சக்கையாய் நின்ற பழங்களை எறிய மனம் வராமல் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு மூடிக்கொண்டான். தெல்மிரா தண்ணீரும் சோப்பும் கலந்து தெளித்ததும் பனி பாளம் பாளமாகச் சரிந்தது. வெள்ளைக் காரின் முகமெல்லாம் ஊதா வழிந்தது. ஃபெர்மின் எழவு வீட்டுக்காரன் போல நின்று பார்த்தான். அவளுக்கு ஒரு கண்ணில் கோபம், மறு கண்ணில் சிரிப்பு.

தேர்வு மைதானம் வரை அவன்தான் ஓட்டி வந்தான். இறங்கி, டப்பாவும் ஒரு கரண்டியுமாக ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தான். அதிகாரி கார்காமோ அம்மாள், சிரித்து யாரும் பார்த்திராதவர், காருக்குள் ஏறினார். மூக்கைச் சுளித்தார்.

"குடிச்சிருக்கியா?"

"நான் குடிக்கலம்மா. கண்ணாடிதான் குடிச்சுது."

அம்மாள் ஊதும் கருவியை நீட்டினார். தெல்மிரா ஊதினாள். சுழியம். இருந்தும் அந்த நெடியில் உட்கார முடியவில்லை. "எல்லா ஜன்னலையும் எறக்கு" என்றார்.

மைனஸ் பத்துக் குளிர் உள்ளே பாய்ந்தது. பின்னால் எடுக்கும் நேரம் வந்தது. மூன்று முறையும் பனி அப்பிய பக்கக் கண்ணாடி வழியே குத்துமதிப்பாகத்தான் பார்த்திருந்தாள். இப்போது ஜன்னல் திறந்திருந்தது. கழுத்து வரை வெளியே நீட்டினாள். தன்னை மூன்று முறை கவிழ்த்த பனிக்குவியலை முதல் முறையாக நேருக்கு நேர் பார்த்தாள். ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்தினாள்.

"பாஸ்" என்றார் அம்மாள், பல் கிட்டிக்க.

தெல்மிராவுக்கு அழுகையே வந்துவிட்டது. பெஞ்சுப் பக்கம் ஓடினாள். டப்பா காலியாகியிருந்தது. ஃபெர்மினின் உதடு, மீசை, பல் எல்லாம் ஊதா.

"சாவியக் குடு தெல்மி," என்று எழுந்தவன், நின்ற இடத்திலேயே ஒரு வட்டம் அடித்தான். "வீட்டுக்கு நான் ஓட்டுறேன்."

கார்காமோ அம்மாள் அவன் பக்கம் ஒரே ஒரு முறை மூச்சை இழுத்துப் பார்த்தார். "இந்த ஆள் இன்னிக்கி ஸ்டீரிங்க தொடக்கூடாது."

கலஃபாத்தே தின்றவன் எப்படியும் திரும்பி வருவான் என்பது அந்த மண்ணின் சொலவடை. ஃபெர்மினும் திரும்பினான், பக்கத்து சீட்டில், ஃபிளாஸ்கைக் கட்டிப்பிடித்தபடி.

தெல்மிரா சாவியைத் திருகினாள். கிளம்பும் முன் முதுகைச் சாய்த்து, பதினோரு வருஷமாகச் சேர்த்து வைத்த ஒரு பெருமூச்சை நீளமாக விட்டாள்.

"பெட்ரோல் விக்கிற வெலையில... என் இடுப்பு வேற..."