ஆர்யாவுக்கு மைக் வேலை செய்யாது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கதை எங்கிருந்து வருகிறது என்று எழுத்தாளர்களைக் கேட்டால் ஏதோ ஒரு காட்சி, ஒரு வரி, ஒரு கனவு என்று அளப்பார்கள். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து என் புருஷன் ஜெயகுமாரின் குரல் கேட்டது: "சாரமில்ல மோளே, நமுக்கு ஒந்நூடெ நோக்காம்."

பரவாயில்லை மகளே, இன்னொரு தடவை பார்க்கலாம். இவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஆனால் அதைச் சொன்ன தொனி இருக்கிறதே! வெல்லப்பாகு தோற்றது போங்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஏனென்றால் அந்த மோள் எங்கள் மகள் இல்லை. கம்ப்யூட்டர் திரையில் ஒரு கட்டத்துக்குள் இருக்கிற, யாரோ பெற்ற பிள்ளை. எங்கள் மகள் ஆதிரா எட்டாம் வகுப்பு. முந்தின நாள் அதே மாதிரிக் கணக்கைத் தப்பாகப் போட்டதற்கு அவளுக்குக் கிடைத்தது, "மண்டைக்குள்ள என்னட்டி வச்சிருக்கே, களிமண்ணா?"

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவின் பின்சந்தில், அரிசி மண்டிக்கும் ஆணிக்கடைக்கும் நடுவே, ஒரு வீடு பள்ளிக்கூடமாக மாறிய கதை இது. கொரோனா என்னும் பெருந்தொற்று மனித குலத்தை—"

[வேண்டாம். மனித குலத்தோடு எனக்குப் பழக்கமில்லை.]

"சுனில் ஒரு நல்ல ஆசிரியன். மாணவர்களின் மனமறிந்து—"

[ஜெயகுமாருக்குச் சுனில் என்று பெயர் மாற்றிப் பார்த்தேன். பெயரை மாற்றியதுமே ஆள் நல்லவனாகிவிட்டான், எனக்கும் கோபம் தணிந்துவிட்டது. தணிந்த பிறகு என்னத்தை எழுத? சொந்தப் பெயரையே போட்டுவிட்டேன்.]

சும்மா நடந்ததைச் சொல்கிறேன். அவர் ஒரு ட்யூட்டோரியலில் கணக்கு வாத்தியார். கொரோனாவில் அதை மூடினார்கள், பிறகு திறக்கவில்லை. இப்போது ஒரு ஆன்லைன் டியூஷன் கம்பெனிக்காக வீட்டிலிருந்தே மலையாளத்தில் பாடம் எடுக்கிறார். முன்னறைச் சுவரில் நீலத் துணி கட்டியிருக்கிறது, முகத்துக்கு நேரே வட்ட விளக்கு. வகுப்பு நேரத்தில் மிக்ஸி ஓடக் கூடாது, குக்கர் விசில் அடிக்கக் கூடாது, ஆதிரா தும்மக்கூடக் கூடாது. சந்தில் லோடு இறக்குகிறவர்கள் போடும் கூச்சலுக்கு மட்டும் அவரால் தடை போட முடியவில்லை.

சனிக்கிழமை மாலையில் அவர் சொந்தமாக ஒரு இலவச வகுப்பு நடத்துகிறார். சந்தேகம் கேட்கிற வகுப்பு. அதன் லிங்க் வாட்ஸப்பில் ஊரெல்லாம் சுற்றும். யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் வரலாம், முகம் காட்ட வேண்டியதில்லை. *

* இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். இது இல்லையென்றால் கதையே இல்லை.

3

இப்போது ஆர்யா வருகிறாள்.

அவள் எங்கள் வீட்டுக்குள் வந்தது சாப்பாட்டு நேரத்தில். ஜெயகுமார் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "விழிஞ்ஞம் கடற்கரையில ஒரு பிள்ளை, ஆர்யான்னு பேரு. வீட்டுல ஒத்த போனாம், அண்ணனும் அவளும் மாத்தி மாத்தி வச்சுப் படிக்கணும். மைக்கும் கேடு, எல்லாத்தையும் டைப் செய்து கேக்கா. என்னமா கேக்கா தெரியுமா! எனக்கே யோசிச்சுத்தான் பதில் சொல்ல முடியுது."

பிறகு ஆதிரா பக்கம் திரும்பினார். "நீயும் இருக்கியே. தனி போன், தனி ரூம். அந்தப் பிள்ளையப் பாத்துப் படி."

ஆதிரா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஊரான் பிள்ளைய நம்ம பிள்ளை தலையில கொண்டு வந்து வைக்கேளே, போதும், சாப்பிடுங்க" என்றேன்.

வாரா வாரம் ஆர்யா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். ஆர்யா மிடுக்கி, படு கெட்டிக்காரி. ஆர்யாவுக்குப் பின்னம் புரிந்துவிட்டது. நேற்று ஆர்யா, "சாரே, மைக் நன்னாக்கியாலும் ஓன் செய்யான் பற்றில்ல, இவிடெ கடல் சத்தமாணு" என்று எழுதினாளாம். மைக்கைச் சரியாக்கினாலும் பயனில்லையாம், அங்கே கடல் சத்தமாம். அதைச் சொல்லும்போது என் புருஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் கதை எதையும் படித்து இந்த மனுஷன் கண்கலங்கிப் பார்த்ததில்லை. பத்திரிகையைக் கையில் கொடுத்தால், "கொள்ளாம்", நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த பக்கத்து ராசிபலனுக்குப் போய்விடுவார்.

அந்த விழிஞ்ஞத்துப் பெண்ணை நான் வெறுத்தேன். பதின்மூன்று வயசுப் பிள்ளையை வெறுக்கலாமா என்று கேட்காதீர்கள். வெறுத்தேன்.

4

கண்டுபிடித்தது இப்படி. எங்கள் வீட்டில் முன்னறைக்கும் ஆதிராவின் அறைக்கும் நடுவில் அடுப்படி. ஒரு சனிக்கிழமை, சத்தம் வராமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் ஆதிரா கட்டிலில் சாய்ந்து போனில் ஏதோ டைப் செய்துகொண்டிருந்தாள். அவள் விரல் நின்றது. உடனே அந்தப் பக்கம் ஜெயகுமார், "ஆ, ஆர்யா சோதிக்குந்நு…" என்று ஆர்யாவின் கேள்வியை வாசித்தார். அவர் பதில் சொல்லி முடித்ததும் இந்த விரல் மறுபடி ஓடியது. நின்றது. அந்தப் பக்கம் சிரிப்பு: "மிடுக்கி!"

இந்தப் பக்கம் என் மகளின் முகம் மலர்ந்தது. வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

[இந்த இடத்தில் ஒரு நல்ல தாய் என்ன உணர்வாள் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அந்தப் பத்தியில் இருந்தது நானில்லை.]

வகுப்பு முடிந்ததும் அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். "என்னட்டி இது?"

"அப்பாட்ட சொல்லிராதேம்மா."

"எதுக்குட்டி இப்படி ஒரு கள்ளத்தனம்?"

"நான் கேட்டா ஏசுவாரு. ஆர்யா கேட்டா சொல்லித் தருவாரு." கொஞ்ச நேரம் போர்வையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "அப்பா நல்லாத்தான் சொல்லித் தராரும்மா. எனக்குப் புரியுது."

புரிந்ததுதான். அந்தப் பருவத் தேர்வில் கணக்கில் நல்ல மார்க். ஜெயகுமார் என்ன சொன்னார் தெரியுமா? "பாத்தியா, ஏசுனாத்தான் இது படிக்கும்."

5

வாசகருக்கு ஒரு சந்தேகம் வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளை இப்படியெல்லாம் கற்பனை செய்யுமா? ஒற்றைப் போன், அண்ணன், கடல் சத்தம்? எனக்கும் அதே சந்தேகம்தான். சாலைச் சந்தில் லாரிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவள் கடல் சத்தத்தை எங்கே பிடித்தாள்? அந்த ஒரு வரி எனக்கு வந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். அவளோ மைக் போடாததற்கு ஒரு சாக்காக அதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டாள்.

ஆக, எனக்கு இப்போது இரண்டு பொறாமை. அவர் குரல் எனக்குக் கிடைக்கவில்லை என்று ஒன்று. என் மகள் என்னைவிட நல்ல பாத்திரத்தை உண்டாக்கிவிட்டாள் என்று இன்னொன்று. எது பெரியது என்று கேட்டால் சொல்ல மாட்டேன்.

6

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். விட்டால் அடுத்தது உங்களுக்குப் புரியாது.

அடுத்த சனிக்கிழமை அடுப்படியில் நின்று என் போனில் அந்த வகுப்புக்குள் போனேன். அப்படி ஒன்றும் பெரிதாக ஆசைப்படவில்லை. என் பெயர் ராஜஸ்ரீ. அவர் என்னைக் கூப்பிடுவது "ஏட்டி" என்று. ரசம் பொங்கி அடுப்பு அணைந்தால், "அங்க என்ன பராக்குப் பாத்துட்டு நிக்கே?" எனக்கும் ஒரே ஒரு "சாரமில்ல" வேண்டியிருந்தது.

நீது என்று பெயர் போட்டுக்கொண்டேன். "சாரே, எனிக்கு மனசிலாயில்ல" என்று டைப் செய்தேன். "நீது, ரெக்கோர்டிங் ஒந்நு கண்டோளூ" என்று சொல்லிவிட்டு அவர் மேலே போய்விட்டார். புரியவில்லை என்றால் பதிவைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்! இருபது வருஷமாகக் கதை எழுதுகிறவள் உண்டாக்கிய நீதுவுக்கு அவ்வளவுதான் மரியாதை. அடுத்த நிமிஷமே ஆர்யாவுக்கு, "பறயூ மோளே." சொல்லு மகளேயாம்!

எனக்கு வந்ததே ஆங்காரம்! நீதுவை அழித்துவிட்டு ஆர்யா என்று போட்டேன்.

முன்னறையில் அவர் சிரித்தார். "ஏ, ரெண்டு ஆர்யாவோ? இதில் ஏதா நம்முடெ ஆர்யா?" பிறகு, தன் ஆர்யா எது என்று கண்டுபிடிக்க விளையாட்டாக ஒரு கணக்குக் கொடுத்தார். ஒரு எண்ணை மூன்றால் பெருக்கி நாலைக் கழித்தால் பதினொன்று. எண் எது?

கணக்கில் நான் பத்தாம் வகுப்புத் தாண்டியதே பெரிய காரியம். ஆனாலும் முந்திக்கொண்டு எழுதினேன்: ஏழு.

"சாரமில்ல" என்று சொல்லவில்லை. "இது நம்முடெ ஆர்யா அல்ல. ஆரா இது, களியாக்குந்நோ?" என்றார். கேலி செய்கிறாயா என்று கேட்டு என்னை வகுப்பிலிருந்தே வெளியேற்றினார். என் சொந்தப் புருஷன், என் சொந்த வீட்டில்.

திரும்பினால் ஆதிரா கதவருகே நிற்கிறாள். என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். அஞ்சு என்கிற விடை அவளுக்குத் தெரியும், அவள் அதை அனுப்பவில்லை.

"நீ கதை எழுதுதவதானே" என்றாள். "ஒனக்குன்னு ஒண்ணு உண்டாக்கிக்கக் கூடாதா?"

"மக்களே, நான் சும்மா…"

"எனக்கு அது ஒண்ணுதான் இருந்து. அதையும் வந்து எடுத்துட்டே."

அதன் பிறகு ஆர்யா வகுப்புக்கு வரவில்லை.

7

முடிவுகள்.

(அ) பிள்ளைகளை எல்லாம் நேரில் பார்க்க ஜெயகுமார் ஒரு கூட்டம் வைக்கிறார். ஆர்யாவுக்குப் பரிசு. பெயரைக் கூப்பிட்டதும் ஆதிரா எழுந்து நிற்கிறாள். அப்பா தழுதழுத்து— [தொலைக்காட்சிக்குக் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் யாரும் அப்படித் தழுதழுப்பதில்லை.]

(ஆ) ஆர்யாவின் அப்பாவுக்கு மங்களூர்த் துறைமுகத்தில் வேலை கிடைத்து, குடும்பமே ஊரை விட்டுப் போகிறது. ஒரு கடைசி மெசேஜ், நன்றி சாரே, எல்லாம் சுபம். [இதை ஆதிராவிடமே சொல்லிப் பார்த்தேன். "அவ எங்கயும் போகல்ல. நீ அவளத் தொடாதே" என்று சொல்லிவிட்டாள்.]

(இ) நான் அவரிடம் உண்மையைச் சொல்கிறேன். [சொல்லலாம். ஆனால் அவர் கொதிப்பார். "வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே எனக்கு வேஷங்கட்டுகியா" என்று ஏசுவார். அந்த "சாரமில்ல" குரலை ஆதிரா இனி எந்தப் பெயரிலும் போய்க் கேட்க முடியாது. அதோடு, நான் சொன்னால் பாசத்தில் சொன்னேனா, எனக்குக் கிடைக்காதது அவளுக்கும் வேண்டாம் என்று சொன்னேனா? எனக்கே நிச்சயமில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.]

8

இன்று சனிக்கிழமை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வகுப்பு முடிந்துவிட்டது. ஜெயகுமார் வட்ட விளக்கை அணைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தார். டீயைக் கையில் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அந்தப் பிள்ளை இன்னைக்கும் வரல்ல" என்றார்.

"எந்தப் பிள்ளை?"

"ஆர்யா. ரெண்டு ஆர்யா வந்த அன்னைக்குப் பிறகு ஆளையே காணோம். அவளத்தான் வெரட்டி விட்டுட்டேனோ என்னவோ." டீயில் படிந்த ஆடையை விரலால் ஒதுக்கினார். "நான் ஏதாவது கடுப்பமாச் சொல்லிட்டேனா ராஜீ? பிள்ளை மனசு நொந்துட்டோ? ராத்திரியெல்லாம் அதையே நெனச்சிட்டுக் கெடக்கேன்."

ராஜீ என்றார். அதைக்கூட எனக்கு அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை. அறைவாசலில் ஆதிரா வந்து நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"நீங்க அவள ஒண்ணும் சொல்லல்லப்பா" என்றாள். "அவள ஒருநாளும் நீங்க ஏசுனதே இல்ல."

ஜெயகுமார் டம்ளரைக் கீழே வைத்தார். மகளைத் திரும்பிப் பார்த்தார். அப்படி அவர் அவளைப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

"ஒனக்கு எப்படிட்டி தெரியும்?"

அவள் என்னைப் பார்க்கிறாள். அம்மா எழுதுகிறவள், அடுத்து என்ன பேச வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறாள். இப்போது அவரும் என்னைப் பார்க்கிறார்.

என்னிடம் ஒன்றுமில்லை. நான் வாயைத் திறந்தால் ஆர்யாவை மறுபடியும் திருடினவளாவேன். திறக்காவிட்டால் அவள் தனியாக மாட்டிக்கொள்வாள். இவ்வளவு தூரம் வாசித்துவிட்டீர்களே, உங்களிடம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். சீக்கிரம். பிள்ளைக்கு உதடு துடிக்கிறது, அவர் இன்னும் கோபப்படத் தொடங்கவில்லை.