பேசினார்

மாணிக்கம் அந்த நோட்டீசைச் சுவரிலிருந்து ஓரம்கூடக் கிழியாமல் உரித்துக்கொண்டு வந்திருந்தார். சிராங்கூன் ரோட்டில் நான் குடியிருந்த வீட்டு வாசலை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத்தறியாதவர்களுக்குக் கடிதம் வாசித்துக் கொடுப்பேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஐந்து மாதம்தான். அதற்குள் தமிழுக்கே நான் அதிகாரி என்று ஒரு நினைப்பு. தன் பேர் மாணிக்கம் என்று சொல்லி, ஈரத் தாளை என் மடியில் விரித்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அதை எழுதியவன் நான்தான் என்பது அவருக்குத் தெரியாது.

அந்த நோட்டீசுக்குப் பின்னால் ஒரு வழக்கு, சாப்பு என்கிற வியாபார முத்திரையைப் பற்றியது. கைலிக் கட்டுகளில் ஒட்டும் தன் பிறைச் சாப்பை அப்துல் மஜீது திருடிவிட்டார் என்று நாகூர் கனி வழக்குப் போட்டிருந்தார். நான் மஜீதின் வக்கீலிடம் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. கனிக்கு ஒரே சாட்சி, மஜீதின் சரக்குக் கிட்டங்கியில் லேபிள் ஒட்டிய மாணிக்கம். அப்போது அவரை நான் பார்த்ததில்லை, வாக்குமூலத்தைத்தான் பார்த்தேன். "முதலாளி என்னைக் கூப்பிட்டுப் பேசினாரு. மறுநாள்லேருந்து பிறை லேபிளை ஒட்டினேன்."

எங்கள் ஊரில் கூப்பிட்டுப் பேசினார் என்றால் ஏசினார் என்று அர்த்தம். சும்மா பேசுவதைக் கதைத்தல் என்போம். முதலாளி ஏசினார் என்று வக்கீல் துரைக்கு இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். மஜீது அதைப் பிடித்துக்கொண்டார். தான் ஏசவில்லை என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? வழக்கைக் கேள்விப்பட்டு வியாபாரிகள் அவர் சரக்கைத் தொடத் தயங்கிய நேரம்.

"கோர்ட்டுல தீர்ப்பு வர மாசமாகும் தம்பி. கடைத்தெருவுல நாளைக்கே சொல்லிடுவாங்க. அதுக்கு ஒரு நோட்டீசு நீங்க எழுதுங்க," என்றார்.

எழுதினேன். ஏச்சு வாங்கிய ஆத்திரத்தில் பொய்ச்சாட்சி சொல்லும் மாணிக்கம் என்பவனை நம்பவேண்டாம் என்று முப்பது தாள் அச்சானது. டிராம் விட்டு இரண்டு வருஷம்கூட ஆகாத காலம். அதில் ஏறிப் போகும்போது, சுவர்களில் அவை கோணாமல் ஒட்டியிருந்ததைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"நான்தாங்க ஒட்டினேன்," என்றார் மாணிக்கம், என் மடியிலிருந்த தாளைக் காட்டி.

சாட்சி சொன்னதில் கிட்டங்கி வேலை போன பிறகு அச்சகத்துக்காரர் தினக்கூலிக்குக் கூப்பிட்டாராம். ஒட்ட ஒட்டப் பின்னால் ஆட்கள் நின்று சிரித்தார்களாம். மறுநாளிலிருந்து யாரும் வேலை தரவில்லையாம். ஏன் என்றும் சொல்லவில்லையாம்.

வாசித்தேன். என் வாக்கியங்கள் எனக்கே அருவருப்பாக இருந்தன.

"ஏசினாருன்னா போட்டிருக்கு? அவரு ஒரு நாளும் ஏசினதில்லீங்க. ஒக்கார வச்சு, தேத்தண்ணி குடுத்துப் பேசினாரு."

"கதைச்சவரோ?" என்று கேட்டேன்.

அவருக்கு அந்தச் சொல் புரியவில்லை. "பேசினாருங்க," என்றார் மறுபடியும்.

உண்மையைச் சொன்னால் என் வேலை போகும், அடுத்த கப்பலில் ஊர்தான். சொல்லாவிட்டால் புதன்கிழமை சாட்சி விசாரணையில் இந்த மனிதர் பொய்யராக நிற்பார். பயமாக இருந்தது. வெட்கம் அதைவிட அதிகம்.

"நீங்களே ஒண்ணு எழுதித் தாங்க கிராணியாரே. பேசினாரு, ஏசலைன்னு. ஒட்டுறதை நான் பாத்துக்கிறேன்."

நான் எந்த வக்கீலிடம் வேலை பார்க்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. கூடவே கொண்டுவந்திருந்த பசைத் தகரத்தைக் கீழே வைத்தார். தாளை வெற்றுப் பக்கம் மேலே வரத் திருப்பி, இரண்டு கையாலும் சுருக்கம் போகத் தடவிக் கொடுத்தார். ஈரத்தில் என் எழுத்துகள் இடம்வலம் மாறித் தெரிந்தன.