மேட்டுக்கு இரண்டாம் முறை

1

இந்தக் கதை எனக்கு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிடைத்தது. பக்கத்து வீட்டு மார்லிஸ் துணி காயப்போட்டுக்கொண்டே தன் புருஷனைப் பற்றிக் குறை சொன்னாள்.

"அந்த மனுஷன் ஒரு இடத்தை விட்டு ஒழுங்கா கிளம்பினதே இல்ல. வாசல் வரைக்கும் போவான், திரும்பி வருவான். ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்பான். எங்க கல்யாணத்தன்னிக்குப் பாதிரியார்கிட்டயே அப்படித் திரும்பிப் போனவன். அன்னிக்கு மைதானத்துலயும் அதான் பண்ணான். இதுக்குப் போய் ஊரே மண்டைய உடைச்சுக்குது."

புருஷன் பெயர் லைல் பிராண்ட்வோல்ட். எங்கள் ஊர் பேஸ்பால் அணியின் மேனேஜர். அயோவாவில், மக்காச்சோளத்துக்கு நடுவே கிடக்கும் இந்த ஊரில் மேயர் பெயர் தெரியாதவர்கள் உண்டு. லைல் தன் பிட்சரை, அதாவது பந்து வீசுபவனை, எப்போது வெளியே எடுத்திருக்க வேண்டும் என்று தெரியாதவர் ஒருவரும் இல்லை. நான் இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, எனக்கும் தெரியும்.

எல்லாருக்கும் தெரிந்ததை ஏன் எழுத வேண்டும்? தூக்கம் வரவில்லை, அதனால். (பொய். நன்றாகத் தூங்குகிறேன். பகலில்தான் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.)

2

தொடக்கங்கள்.

'டியூயி டாரன்ட்டின் வலது முழங்கையில் ஒரு வெள்ளைத் தழும்பு...' வேண்டாம். தழும்பில் தொடங்கினால் முடிவை இப்போதே மோப்பம் பிடித்துவிடுவீர்கள்.

'அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் டியூயியோடு யாரும் பேசவில்லை, ஏனென்றால்...'

ஏனென்றால் என்று எழுதியதும் கட்டுரை எட்டிப் பார்க்கிறது. வரட்டும், அதுவும் தேவைதான். ஒரு பிட்சர் எதிரணிக்கு ஒரு அடிகூடக் கொடுக்காமல் வீசிக்கொண்டிருந்தால், அவன் அணியில் யாரும் அவனோடு பேசக் கூடாது. பெஞ்சில் பக்கத்தில் உட்காரக் கூடாது. நடந்துகொண்டிருப்பதன் பெயரை வாய்விட்டுச் சொல்லவே கூடாது. கண் பட்டுவிடும் என்று இவர்களுக்கும் பயம், எலுமிச்சம்பழம் கட்டுவதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பிட்சர் டியூயிக்கு முப்பத்து நான்கு வயது. முழங்கை ஒருமுறை கிழிந்து தைத்தது. இன்னொரு தடவை கிழிந்தால் தைக்க ஒன்றும் மிச்சமிருக்காது, பந்து வீசுவது மட்டுமல்ல, பால் கேனைத் தூக்குவதுகூடச் சிரமம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரிய அணி எதுவும் கூப்பிடாததால்தான் எங்களிடம் வந்தான். வாழ்நாளில் அப்படியொரு ஆட்டத்தை அவன் முடித்ததில்லை. அன்றைக்கு ஒன்பது இன்னிங்ஸில் எட்டு முடிந்தும் ஒரு அடி விழவில்லை.

வேறு எந்த நாளாக இருந்தாலும் யாராவது 'கை எப்படிடா இருக்கு' என்று கேட்டிருப்பார்கள். அன்று சாங்கியம் எல்லார் வாயையும் கட்டிவிட்டது. பெஞ்சின் ஒரு கோடியில் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான்.

3

பிட்சரை எப்போது எடுக்க வேண்டும்?

கிரிக்கெட்டில் இந்தக் கேள்விக்குக் கனம் இல்லை. ஒருவனை நிறுத்திவிட்டு நாலு ஓவர் கழித்து மறுபடி கூப்பிடலாம். இங்கே எடுத்தால் எடுத்ததுதான். அன்றைக்கு அவன் திரும்ப முடியாது.

வீசிய பந்துகளை எண்ணு, நூறு வந்தால் எடு என்பது ஒரு கட்சி. ஒரே பேட்ஸ்மேன் மூன்றாம் முறை எதிரே வந்துவிட்டால் அவனுக்கு எல்லா வித்தையும் பழகிவிடும், அதற்குள் எடு என்பது இன்னொன்று. லைல் இரண்டிலும் சேராதவர். பிட்சரின் தோளைப் பார்ப்பார், நடையைப் பார்ப்பார், முடிவெடுக்காமல் பூசணி விதையைக் கொறித்துக்கொண்டிருப்பார். அடி விழுந்த பிறகு எடுத்தால் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். விழுவதற்கு முன்னால் எடுத்தால், விழுந்தே இருக்காது என்று ஊர் சத்தியம் செய்யும்.

[லைலுக்கு ஒரு பழைய காயம் கொடுத்துப் பார்த்தேன். இளமையில் அவரும் பிட்சர், அவருடைய மேனேஜர் அவரை நேரத்துக்கு எடுக்கவில்லை, அதனால்... அந்த வரியை அடித்துவிட்டேன். லைல் பிட்சராக இருந்ததே இல்லை. அவருக்கு வலிப்பது முட்டி, அதுவும் வயசால்.]

4

கடைசி இன்னிங்ஸ். இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவன் அவுட்டானால் போதும். அந்த ஒருவனுக்கு டியூயி வீசிய முதல் பந்து கேட்சரின் தலைக்கு மேலே பறந்து பின்வேலியில் மோதியது.

லைல் எழுந்தார். மைதான ஓரத்து வெள்ளைக் கோட்டை மிதிக்காமல் தாண்டி (மிதித்தால் ஆகாது, அதுவும் சாங்கியம்) பிட்சர் நின்று வீசும் மண்மேட்டை நோக்கி நடந்தார். கூட்டம் அவரை ஏசியது. எனக்கும் அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. மேட்டில் பேசியதை அங்கே நின்றிருந்த கேட்சர் ஒசுனாதான் பிறகு என்னிடம் சொன்னான்.

"கை எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு, ஸ்கிப்." மேனேஜரைப் பையன்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"பந்து பறந்துச்சே."

"வேர்வை. வழுக்கிருச்சு." டியூயி முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஒரே ஒருத்தன் ஸ்கிப். இத்தனை வருஷத்துல நான் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல. போய் விதையைக் கொறிங்க."

லைல் சிரித்துவிட்டார். அவன் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். மண் வட்டம் முடிந்து புல்லில் இரண்டு எட்டு வைத்தார்.

நின்றார். திரும்பினார்.

5

இந்த இடத்தில் விதியைச் சொல்லாமல் தீராது.* மேட்டைச் சுற்றியுள்ள வட்டத்தைத் தாண்டி மேனேஜர் வெளியே வந்துவிட்டால் அந்த வருகை முடிந்தது. அதே பேட்ஸ்மேன் நிற்கும்போது மறுபடி போகக் கூடாது. அம்பயர் எச்சரித்தும் போனால், மேனேஜர் மைதானத்தை விட்டு வெளியே. பிட்சரோ அந்த ஒரு பேட்ஸ்மேனுக்கு வீசியே ஆக வேண்டும். அவன் ஆட்டம் முடிந்ததும் பிட்சரும் வெளியே.

அம்பயர் ஓடி வந்தார். அவர் போட்ட சத்தம் மூன்றாம் வரிசையில் இருந்த எனக்கே கேட்டது.

"லைல், நில்லு. புல்லுல கால் வெச்சிட்ட. இப்போ போனா உன்னை வெளிய அனுப்புறதைத் தவிர எனக்கு வழியில்ல."

லைல் காதில் வாங்கவில்லை, போனார். பந்தை வாங்கக் கையை நீட்டிக்கொண்டே போனார்; மேனேஜர் பந்தை வாங்கினால் பிட்சரை எடுத்துவிட்டார் என்று அர்த்தம். அதாவது அவனைக் காப்பாற்றப் போன மனிதர், அவனை யாரும் எடுக்க முடியாதபடி மேட்டில் பூட்டிவிட்டார்.

ஏன் திரும்பினார்? மார்லிஸைக் கேட்டால் பழக்கதோஷம். காபிக் கடையில் கேட்டால் தந்திரம்: யாரும் பிடுங்க முடியாத ஒரு பேட்ஸ்மேனை டியூயிக்கு வாங்கிக்கொடுத்தார், நரி. ஒசுனா சொன்னதுதான் என்னை உட்கார விடாமல் அடிக்கிறது. டியூயி முகத்தைத் துடைத்தானே, அதை இடது கையில் மாட்டியிருந்த தோல் கையுறையால் துடைத்தான். வலது கை சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையை அவனால் முகம்வரை தூக்க முடியவில்லை. புல்லில் இரண்டு எட்டு வைத்த பிறகுதான் லைலுக்கு அது உறைத்தது.

* விதியில் ஒரு சந்து உண்டு. காயம் என்று பிட்சர் சொன்னால் அம்பயர் அவனை விட்டுவிடலாம். ஒரு வார்த்தை போதும்.

6

முடிவுகள்.

அ. வீசினான். அவுட். எல்லாரும் அவன்மேல் பாய்ந்து விழுந்தார்கள். அவன் வலது கையை யாரோ பிடித்துக் குலுக்க...

ஆ. வீசினான். அடி விழுந்தது. முழங்கையும்...

இ. அம்பயர் மேட்டுக்கு வந்து, "டியூயி, உண்மையைச் சொல்லு, கை வலிக்குதா?" என்று கேட்டார். அவன் "வலிக்குது" என்றான்.

மூன்றாவதுதான் எனக்கு வேண்டும். எத்தனையோ முறை எழுதிப் பார்த்துவிட்டேன். அம்பயர் கேட்கிறார், நான் வார்த்தையை அவன் வாயில் வைக்கிறேன், அவன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். எட்டு இன்னிங்ஸாக அவனிடம் யாரும் எதுவும் கேட்காமல் இருந்துவிட்டு, இப்போது பதில் சொல் என்றால்...

சரி, உண்மையில் என்னதான் நடந்தது என்கிறீர்கள். எனக்குத் தெரியும், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்ல மாட்டேன். சொன்ன அடுத்த நொடி நீங்களும் காபிக் கடைக்காரர் ஆகிவிடுவீர்கள். அவுட் என்றால் லைல் மேதை, அடி என்றால் மடையர். கை நீட்டிக்கொண்டு நடந்த அந்த நேரத்தில் அவருக்கு இரண்டும் தெரியாது. உங்களுக்கும் தெரியாமலே இருக்கட்டும்.

நாலாம் பகுதியோடு இதை நிறுத்திவிட்டு எழுந்து போனவன் நான். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் போனவன்போல மறுபடி வந்து இவ்வளவும் எழுதியிருக்கிறேன். மேட்டுக்கு இரண்டாம் முறை. விதி எனக்கும் ஒன்றுதான், அம்பயர் வாசலைக் காட்டுகிறார்.

டியூயி பந்தோடு நிற்கிறான். மறுபடி கையுறையால் நெற்றியைத் துடைத்துக்கொள்கிறான். பேட்ஸ்மேன் தயாராகிவிட்டான். நீங்கள் இன்னும் ஒருமுறைகூட மேட்டுக்குப் போகவில்லை. உங்களுடைய வருகை மிச்சம் இருக்கிறது. போய்க் கேளுங்கள். வெள்ளைக் கோட்டை மட்டும் மிதிக்காமல் தாண்டுங்கள்.