செல்லூர் வீட்டுக்கு வேண்டாம்

ஏழு வகைச் சோற்றையும் உசிலம்பட்டியில் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் இறக்கி வைக்கும் வரைக்கும் முனீஸ்வரி வாயைத் திறக்கவில்லை. வளைகாப்பு முடிந்ததும் மகள் அஸ்வினியைத் தலைப்பிரசவத்துக்குச் செல்லூரிலிருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். அதுதான் முறை.

பதினான்கு வருடத்துக்கு முன்பு, செல்லூர் வீட்டுக்குப் பின்னாலிருந்த பழைய இரும்புக்கடையில், ஏதோ ஆஸ்பத்திரி மிஷினை உடைத்ததில் கதிர்வீச்சு கசிந்தது. மண்ணை அள்ளிப்போய், சிமெண்ட் போட்டு மூடி, இனிப் பயமில்லை என்றார்கள். போன மாதம் அந்த இடத்தில் சாக்கடை தோண்டியபோது, மறுபடி கதிர்வீச்சு அளக்கும் மீட்டரோடு ஆட்கள் வந்தார்கள். முனீஸ்வரி வீட்டுப் பின்னறைக்குள் வந்த பெண் அதிகாரிக்கு முகமே மாறிவிட்டது.

"ரிப்போர்ட் வர்ற வரைக்கும் இந்த ரூம்ல யாரும் படுக்காதீங்கம்மா. பிள்ளைத்தாச்சியை வீட்டுக்கே கூட்டிட்டு வராதீங்க."

"மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சா நம்ம பிள்ளையத்தான் குத்தம் சொல்லுவாங்க. மூச்சு விடாத" என்று கணவர் உக்கிரபாண்டி வாயை அடைத்துவிட்டார்.

"என்ன மதினி, நல்ல நேரம் போகுதுல்ல? பிள்ளைய எந்திரிக்கச் சொல்லுங்க" என்றாள், வளையல் போட்டு முடிந்ததும் சம்பந்தி ராக்கம்மாள்.

"மதினி... பிரசவம் இங்கனயே நடக்கட்டும்" என்றாள் முனீஸ்வரி.



"ஏன், பெத்த பிள்ளைக்குப் பத்தியச் சோறு வடிக்க அம்புட்டுச் சடவா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி இடித்தாள். நாலு பேர் சிரித்தார்கள்.

அஸ்வினிக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் வரக்கூடாதாம்மா?"

அந்தக் குரலுக்கு முன்னால் எந்தப் பொய்யும் நாவில் வரவில்லை. முனீஸ்வரி ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். உக்கிரபாண்டி எழுந்து வாசலுக்குப் போனார்.

"இதுக்கா இம்புட்டு மறைச்சீக?" ராக்கம்மாள் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "பிள்ள இங்கனயே இருக்கட்டும். நீங்களும் கூட இருங்க. பொண்ணு குடுத்த வீட்ல எப்படித் தங்குறதுன்னு யோசிக்காதீக."

முனீஸ்வரிக்குப் போன உயிர் திரும்பியது போலிருந்தது. அஸ்வினிதான் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. வயிற்றின்மேல் கையை வைத்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணம் ஆகுற வரைக்கும் நான் அந்த ரூம்லதானம்மா படுத்தேன்?"



பதிலுக்கு ராக்கம்மாள்தான் பேசினாள். குரல் இறங்கியிருந்தது. "நாளைக்கே மதுரைக்குப் போயி பெரிய டாக்டரப் பாப்போம். நீங்களும் வாங்க மதினி. பிள்ள எத்தன வருசம், எந்த மூலைல படுத்துச்சுன்னு டாக்டரு கேட்டா, உங்களுக்குத்தான் சொல்லத் தெரியும்."